சிஸ்டத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?



கொழுந்து மடுவத்துக்கு இப்போது ஒரு புதிய துரை வந்திருக்கிறார். அவரைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. அவர் பெரட்டுக்கு வருவதில்லை, பங்களாவில் இருப்பதில்லை, மலை ஏறி இறங்குவதில்லை. ஆனால் இன்றைக்கு எத்தனை கிலோ எடுக்க வேண்டும், யார் எந்த மலைக்குப் போக வேண்டும், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று எல்லாவற்றையும் அவரே தீர்மானிக்கிறாராம். அவருடைய பெயர் சிஸ்டம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு தோட்டத்து மடுவத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். இருபத்தைந்து வருடமாகக் கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா பதினேழு கிலோவோடு வந்து தராசில் வைத்தார். அரைப்பேர் விழுந்தது. “நேத்து வரைக்கும் பதினெட்டு தானேங்க ஐயா, இன்னைக்கு இந்த மலைக்கு எப்படி இருபது? ஒரு கிலோ கொறைஞ்சா பார்த்துப் போடுவீங்க, இப்ப மூணு கிலோவுல்ல கொறையுது” என்று கேட்டார். நிறுத்தவர் தன் கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினார். “நான் போடல்லம்மா. சிஸ்டத்துல அப்படித்தான் வருது. நான் என்ன செய்ய?” அந்த அக்கா போனைப் பார்த்தார். இங்கிலிசில் ஏதோ இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நம்முடைய தாய்மார் கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்டவர்கள். துரை ஆபீசுக்கு முன்னால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர்கள். அநியாயத்துக்கு ஒரு முகம் இருந்த காலம் அது. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்கலாம், ஏசலாம், பதில் வாங்காமல் போகமாட்டேன் என்று நிற்கலாம். போனுக்கு முன்னால் எப்படி நிற்பது? அந்தப் பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது இந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது.

விடை என் அக்கா மகளிடமிருந்து வந்தது. லயத்தில் பிறந்து, ஒரு மண்ணெண்ணெய் விளக்குக்கும் ஒரு ரியூசன் மாஸ்டருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு பொறியியல் பீடம் வரை போனவள். விடுமுறைக்கு வந்திருந்தாள். அடுத்த வருடத்துக்கு அவள் தெரிவு செய்யக்கூடிய பாடநெறிகளின் பட்டியல் கையில் இருந்தது. உத்தமமாக்கல், அதாவது ஒப்டிமைசேஷன். ஸ்மார்ட் நகரங்கள். நுண்ணறிவு முறைமைகள். மூன்றும் அவளுக்குப் பிடித்த பாடங்கள். எனக்கு அந்தப் பெயர்களே வாயில் நுழையவில்லை. “பிள்ளை, இதெல்லாம் கொழும்புக்காரனுக்கு உள்ள படிப்பு. நமக்கும் இதுக்கும் என்ன?” என்றேன்.

“மாமா, நீங்க சொன்ன அந்த மடுவத்துக் கதை இருக்கே, அது முழுக்க இந்தப் பாடந்தான்” என்றாள்.

பிறகு ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். அதை நான் புரிந்துகொண்ட மாதிரியே இங்கே சொல்கிறேன். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒப்டிமைசேஷன் என்ற கணக்கில் மூன்று விசயங்களைத்தான் எழுத வேண்டுமாம். ஒன்று, நம்மால் மாற்றக் கூடியவை எவை என்பது. யாரை எந்த மலைக்கு அனுப்புவது என்பது மாதிரி. இரண்டாவது, மீறக் கூடாத எல்லைகள். ஆள் இத்தனை பேர், நாள் இத்தனை மணித்தியாலம் என்பது மாதிரி. மூன்றாவது, இலக்கு. எதைக் கூட்ட வேண்டும், அல்லது எதைக் குறைக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்தால் மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஆயிரம் ஆளையும் நூறு மலையையும் எத்தனை விதமாகப் பிரிக்கலாமோ அத்தனைக்குள்ளும் மிகச் சிறந்ததைக் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துத் தரும். ஆனால் எது சிறந்தது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதை ஒரு மனிதன் எழுதிக் கொடுக்கிறான்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு மலை. ஒன்று கிட்ட இருக்கிற வீ.பி. மலை, மற்றது உச்சியில் இருக்கிற பழைய விதைத் தேயிலை. இரண்டு பேர். இளம் பிள்ளை வீ.பி.யில் 26 கிலோ எடுப்பாள், பழைய மலையில் 18. வயதான அக்கா வீ.பி.யில் 19 எடுப்பார், பழைய மலையில் 12. ஒரு மலைக்கு ஒருவரைத்தான் போடலாம். பேருக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

கூடுதல் கிலோ வேண்டும் என்று இயந்திரத்துக்கு எழுதிக் கொடுத்தால் அது இளம் பிள்ளையை வீ.பி.க்கும் அக்காவை உச்சிக்கும் அனுப்பும். 26உம் 12உம் 38 கிலோ. இளம் பிள்ளைக்கு மேல் கிலோ காசு கிடைக்கும். அக்காவுக்கு அரைப்பேர். இப்போது இயந்திரத்துக்கு இன்னும் ஒரு வரி மட்டும் எழுதுவோம்: ஒருவருக்கும் பேர் குறையக் கூடாது. உடனே அது ஆளை மாற்றிப் போடும். இளம் பிள்ளை உச்சிக்கு, 18. அக்கா வீ.பி.க்கு, 19. மொத்தம் 37. இரண்டு பேருக்கும் முழுப்பேர்.

குறைந்தது ஒரே ஒரு கிலோ, தோழர்களே. அந்த ஒரு கிலோவுக்காகத்தான் அக்காவின் அரை நாள் சம்பளம் போகிறது. காசாகப் பார்த்தால் இன்னும் விளங்கும். நாளுக்கு 1350 ரூபா, மேல் கிலோவுக்கு 50 ரூபா என்று வைத்தால், முதல் ஏற்பாட்டில் கம்பனி கொடுப்பது 1750உம் 675உம் சேர்த்து 2425 ரூபா. இரண்டாவதில் 1350உம் 1400உம் சேர்த்து 2750 ரூபா. வித்தியாசம் 325 ரூபா. இது இரண்டு பேருக்கு, ஒரு நாளுக்கு. முந்நூறு பேர் வேலை செய்கிற தோட்டத்தில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இளம் பிள்ளைக்கு மேல் கிலோ போகிறதே, அவள் சம்மதிப்பாளா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாரத்தில் மூன்று நாள் அவளை வீ.பி.க்கு மாற்றிப் போடு, ஒருவருக்கே எப்போதும் உச்சி விழக் கூடாது என்று இன்னொரு வரியும் எழுதலாம். இயந்திரம் முகம் சுளிக்காது. எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதுகிறார் என்பதுதான் கேள்வி.

ஆகவே “சிஸ்டம் சொல்லுது” என்று இனி யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இலக்கை ஒருவர் எழுதியிருக்கிறார். பெரட்டுக்களத்தில் சொல்ல வெட்கப்படுவதை கொம்பியூட்டருக்குள் எழுதி வைத்துவிட்டு, “நான் போடல்ல” என்று கை விரிக்கிறார்கள். இதை நான் ஒளிப்பு என்கிறேன்.

இந்தக் கணக்கின் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1945இல் ஜோர்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரு வேலை செய்கிற ஆண் உடம்புக்குத் தேவையான சத்துகள் எல்லாம் கிடைக்கும்படி, ஆகக் குறைந்த செலவில் ஒரு வருடம் சாப்பிட என்ன வேண்டும்? 77 உணவுகளை எடுத்துப் பார்த்தார். கடைசியில் ஐந்துதான் தேறின. கோதுமை மா, டின் பால், கோவா, பசளிக் கீரை, காய்ந்த வெள்ளை அவரை. கோதுமை மா மட்டும் வருடத்துக்கு 168 கிலோ அளவில். 1939ஆம் ஆண்டு விலையில் வருடச் செலவு 39 டொலர் 93 சதம். 1947இல் ஜோர்ஜ் டான்ட்சிக் என்பவர் கண்டுபிடித்த புதிய முறையைப் பரிசோதிப்பதற்கு இதே கணக்கைத்தான் எடுத்தார்கள். அதற்குக் கொம்பியூட்டர் எதுவும் பயன்படவில்லை. ஒன்பது எழுதுவினைஞர்கள் கைக் கணிப்பானோடு உட்கார்ந்து, 120 ஆள் நாள் உழைத்து, 39 டொலர் 69 சதம் என்று விடை எடுத்தார்கள். ஸ்டிக்லர் தொட்ட இடத்துக்கும் உண்மையான விடைக்கும் 24 சதம்தான் வித்தியாசம். இன்று பொறியியல் பீடங்களில் இந்தப் பாடம் பெரும்பாலும் இந்த உணவுக் கணக்கோடுதான் ஆரம்பிக்கிறதாம்.

காலையிலும் ரொட்டி, மலையிலும் ரொட்டி, இரவிலும் ரொட்டி என்று சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதா? ஆகக் குறைந்த செலவில் ஒரு தொழிலாளியை மறுநாள் மலைக்கு அனுப்பக் கூடிய சாப்பாடு எது என்று நமக்கு எவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஆனால் ஸ்டிக்லருக்கு ஒரு மரியாதை கொடுக்க வேண்டும். இந்தச் சாப்பாட்டை எந்த மனிதனுக்கும் எவரும் சிபாரிசு செய்யவில்லை என்று அவரே எழுதி வைத்தார். ருசி, பழக்கம், மனிதனின் மானம் இவையெல்லாம் தன் கணக்கில் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம்முடைய மடுவத்துப் போனுக்கு அப்படி ஒரு அடிக்குறிப்பு இல்லை.

இன்னும் பின்னால் போனால் ஒரு டெய்லர் வருகிறார். 1867இல் லூல்கந்தரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் இல்லை, அவரை நமக்குத் தெரியும். இவர் அமெரிக்காவின் பிரெடரிக் டெய்லர். பெத்லகேம் இரும்பு ஆலையில் ஒரு நாளைக்கு ஒரு ஆள் 12.5 தொன் இரும்புப் பாளத்தைச் சுமந்த இடத்தில், கடிகாரம் வைத்து அளந்து, 47.5 தொன் சுமக்க வைத்ததாக 1911இல் புத்தகம் எழுதினார். கூலி ஒரு டொலர் 15 சதத்திலிருந்து ஒரு டொலர் 85 சதத்துக்கு ஏறியது. அவர் எழுதிய கணக்கின்படியே வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இதற்கு அவர் வைத்த பெயர் விஞ்ஞான முகாமைத்துவம். ஆகப் பலசாலியான ஒருவனைத் தேடிப் பிடித்து, அவன் செய்ததை எல்லோருக்கும் அளவாக வைப்பதுதான் அந்த விஞ்ஞானம்.

நுண்ணறிவு முறைமை என்ற மூன்றாவது பாடத்தை மருமகள் விளக்கியபோது எனக்கு இந்த டெய்லர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அந்த முறைமைகள் பழைய பதிவுகளைப் பார்த்துப் படிக்குமாம். போன வருடம் இந்த மாதம் இந்த மலையில் எவ்வளவு கொழுந்து வந்தது, யார் எவ்வளவு எடுத்தார் என்று பார்த்து, இன்றைக்கு இவ்வளவு வர வேண்டும் என்று சொல்லுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொழுந்து நன்றாக வந்த ஒரு கிழமையில் கைக்காசுக்கு ஆசைப்பட்டு நீங்கள் இருபத்தைந்து, இருபத்தாறு என்று எடுத்துக் கொடுத்தீர்கள் என்றால், அது உங்கள் சாதனையாக நிற்காது, உங்கள் கடனாக மாறும். அடுத்த வருடம் அதே கிழமையில் இருபத்தைந்தை அந்த இயந்திரம் உங்களிடம் எதிர்பார்க்கும்.

அது எதைப் படிக்கவில்லை என்பதையும் பாருங்கள். பதிவில் கிலோ இருக்கிறது, நேரம் இருக்கிறது, சில தோட்டங்களில் நீங்கள் நின்ற இடம்கூட இருக்கிறது. குளவி கலைந்த அன்றைக்கு அரை நாள் மலையை விட்டு ஓடியதற்கு ஒரு கட்டம் இல்லை. அட்டைக்கு இல்லை. வங்கி விழுந்த செடிக்கு இல்லை. கவ்வாத்துப் பிந்திப் போனதற்கும், புல்லு வெட்டாமல் விட்டதற்கும், உரம் போடாமல் விட்டதற்கும் இல்லை. பிள்ளைக்காம்பராவில் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்த குழந்தையை நினைத்துக்கொண்டு எடுத்த அந்தப் பதினைந்து கிலோவுக்கும் இல்லை. மலை காடாகிக் கிடப்பது நிர்வாகத்தின் குற்றம். பதிவிலோ அது கொழுந்தெடுத்தவரின் குறைவாக ஏறுகிறது. கண் இல்லாத இயந்திரத்துக்கு நுண்ணறிவு என்று பெயர் வைப்பதற்கு முன் ஒரு தடவை மலைக்கு வந்து பார்த்திருக்கலாம்.

இனி ஸ்மார்ட் நகரம். தெரு விளக்கு தானாகக் கூடிக் குறையும், குப்பைத் தொட்டி நிறைந்ததும் தானாகவே லொறிக்குச் சொல்லும், பஸ் எங்கே வருகிறது என்று கையில் தெரியும். நல்லது, வரட்டும். இந்தியாவில் 2015இல் நூறு நகரங்களுக்கு என்று ஒரு திட்டத்தையே ஆரம்பித்தார்கள். கொழும்பில் கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் எழும்புகிறது. ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் ஒரு இலக்கம் உள்ள நகரங்களைப் பற்றி மருமகள் படிக்கப் போகிறாள். அவளுடைய சொந்த வீட்டுக் கதவுக்கு இலக்கம் கிடையாது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே மூன்று நாள் கிடந்து, பெரட்டில் ஒருவர் சொல்லித்தான் வீட்டுக்குக் கிடைத்தது. தேயிலைச் செடிக்கு நம்பர் உண்டு, மலைக்கு நம்பர் உண்டு, கொழுந்துப் பைக்கு நம்பர் உண்டு. இருநூறு வருடமாக அந்த மலையைக் காப்பாற்றுகிற குடும்பத்தின் வாசலுக்கு இல்லை.

நுண்ணறிவு உள்ள கருவிகள் வந்தால் மண்சரிவை முன்கூட்டியே சொல்லும் என்கிறார்கள். மீரியபெத்தையை மறந்துவிட்டோமா? 2014 ஒக்டோபர் 29, காலை. மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவுக்கு அங்கே குறைவே இருக்கவில்லை. போய் வீடு கட்ட அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இருக்கவில்லை. காணி உரிமை இல்லாதவனின் கையில் எச்சரிக்கைக் கருவியைக் கொடுத்தால் அவன் அதைக் கேட்டுக்கொண்டு அதே லயத்தில்தான் படுக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதால் சங்கம் இயந்திரத்துக்கு எதிரி என்று சிலர் எழுதத் துடிப்பார்கள். அவர்களுக்கு ஒரு பதில். பழைய தராசில் எத்தனை கிலோ களவு போனது என்று எங்களுக்குத் தெரியும். கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று வெட்டிய வெட்டில் ஒரு தலைமுறையின் சம்பளம் போயிருக்கிறது. டிஜிட்டல் தராசை நாங்கள் வரவேற்கிறோம். இலக்கம் எல்லோருக்கும் தெரியும்படி எரிகிற தராசு தொழிலாளியின் நண்பன். அந்த இலக்கம் போனுக்குள் போய் மறைந்து, வேறு ஒரு இலக்கமாக வெளியே வருகிற இடத்தில்தான் எங்கள் சண்டை.

இதே அறிவை வேறு பக்கம் திருப்ப முயன்றவர்களும் இருக்கிறார்கள். சிலி நாட்டில் அலெண்டே அரசாங்கம் 1971இல் ஸ்டாபோர்ட் பியர் என்ற ஆங்கிலேய நிபுணரை அழைத்து, அரசுடைமையான ஆலைகளை டெலெக்ஸ் இயந்திரங்களால் இணைத்து சைபர்சின் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. 1972 ஒக்டோபரில் லொறி முதலாளிமார் நாட்டை முடக்கப் பார்த்தபோது, எங்கே என்ன பொருள் இருக்கிறது, எந்த வழி திறந்திருக்கிறது என்று அந்த டெலெக்ஸ் வலையால்தான் அறிந்து சாமான்களை மக்களிடம் சேர்த்தார்கள். தொழிலாளர் பங்கு பேச்சில் இருந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1973 செப்ரெம்பரில் இராணுவம் வந்தது, எல்லாம் முடிந்தது. கனடாவில் டொரன்டோ நகரத்துக் கரையில் கூகுளின் சகோதரக் கம்பனி ஒன்று 2017இல் ஸ்மார்ட் குடியிருப்புக் கட்ட வந்தது. எங்களைப் பற்றிச் சேர்க்கிற தகவல் யாருக்குச் சொந்தம் என்று அங்கே குடியிருப்பவர்கள் விடாமல் கேட்டார்கள். 2020 மே மாதம் கம்பனி திட்டத்தைக் கைவிட்டது. பொருளாதார நிலையைக் காரணமாகச் சொன்னது. ஆனால் அந்த இரண்டரை வருடமும் கேள்விக்குப் பதில் சொல்லியே அது களைத்திருந்தது. அந்தக் கேள்வியை நாம் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம்முடைய கை எடுத்த ஒவ்வொரு கிலோவும் வருடக்கணக்காகப் பதிவாகிறது. அது யாருக்குச் சொந்தம்?

இங்கே நம்மையும் கொஞ்சம் குத்திக்கொள்ள வேண்டும். 2021இல் 1000 ரூபாவுக்காகப் போராடினோம். 2024இல் 1700 கேட்டு 1350இல் வந்து நின்றோம். ரூபா ரூபா என்று கத்திய நேரத்தில் கிலோவை மறந்துபோனோம். 1000 ரூபா வந்த கையோடு பல தோட்டங்களில் பேருக்கான கிலோ ஏறியது உங்களுக்குத் தெரியும். சம்பளம் சபையில் தீர்மானமாகிறது, கிலோ மடுவத்தில் தீர்மானமாகிறது. மடுவத்துக்குள் நமக்கு மேசை இல்லை. இப்போது அந்த மடுவமும் போனுக்குள் போகிறது.

போனுக்குள் எழுதக் கூடியவர்கள் யார்? பொறியியல் பீடங்களில் இருந்து வருகிறவர்கள். அவர்களில் நம்முடைய பிள்ளைகள் எத்தனை பேர்? பொறியியலுக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் வேண்டும். நம்முடைய எத்தனை பாடசாலைகளில் உயர்தரக் கணிதப் பிரிவு இருக்கிறது? இருக்கிற இடத்திலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருந்தால் இரசாயனவியலுக்கு இருக்கமாட்டார். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடம் நாடு முழுவதற்குமான புள்ளி வரிசையில், 55 சதவீதம் மாவட்டத்தின் சனத்தொகைப்படி, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. ஆனால் மாவட்டம் என்று எண்ணுகிறார்கள், தோட்டம் என்று எண்ணுவதில்லை. நகரத்துப் பாடசாலையும் டிவிசன் பாடசாலையும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன. அந்தத் தராசையும் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

சங்கத்துக்குள்ளேயே பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு, படித்தவன் துரை பக்கம் போய்விடுவான் என்று. போனவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நாமும் காரணம். நம்முடைய பிள்ளை பட்டம் எடுத்ததும் மாலை போட்டுப் படம் எடுக்கிறோம், சங்கக் கலண்டரில் போடுகிறோம். பிறகு ஒரு வேலை கொடுத்தோமா? இந்தக் கணக்கைப் பார்த்துச் சொல் என்று ஒரு மாதச் சம்பளச் சீட்டையாவது அவர்களிடம் நீட்டினோமா? கம்பனி நீட்டுகிறது, அவர்களும் போகிறார்கள்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. பேராதனையின் பொறியியல் பீடத்தில் இருந்து தேயிலை மலைக்கு எவ்வளவு தூரம்? பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைச் சுற்றிலும் லயம்தான். அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டப் படிப்பு இருக்கிறது. உத்தமமாக்கல் படிப்பிக்கிற ஆசிரியர்களே, மாணவனுக்குத் தொழிற்பயிற்சி என்று கம்பனி ஆபீசுக்கு அனுப்புகிறீர்கள். ஒரு கிழமையாவது கொழுந்துக் கூடையோடு அனுப்புங்கள். செலவைக் குறை என்று பத்துக் கணக்குக் கொடுத்தால், ஆகக் குறைவாக உழைக்கிறவருடைய சம்பளத்தைக் கூட்டு என்று ஒரு கணக்காவது கொடுங்கள். கணிதம் ஒன்றேதானாம், மருமகள் சொல்கிறாள். அப்படிப்பட்ட கணக்குகளுக்கு அந்தப் பாடத்தில் தனி முறையே உண்டாம். பரீட்சையில்தான் வருவதில்லையாம்.

கம்பனிகளிடம் நாம் கேட்பது பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. கிலோவைத் தீர்மானிக்கிற முறைமையில் என்ன இலக்கு எழுதப்பட்டிருக்கிறது, என்ன எல்லைகள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைத் தமிழில் எழுதித் தோட்டக் கமிட்டிக்குக் கொடுக்க வேண்டும். அதை மாற்றுவதானால் கமிட்டியோடு பேசி மாற்ற வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் சீட்டு வேண்டும், மலை நம்பரோடு, அன்றைய பேர்க் கிலோவோடு. மழை, குளவி, வங்கி, காடான மலை இவற்றுக்குப் பதிவில் இடம் வேண்டும், அந்த இடத்தை நிரப்புகிற உரிமை மாதர் தலைவிக்கு வேண்டும். தன்னுடைய பதிவைக் கேட்கிற தொழிலாளிக்கு அதைக் கொடுக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாவுக்குப் பக்கத்தில் இவையும் மேசைக்கு வரும்.

அதற்கு நமக்குக் கையில் கணக்கு வேண்டும். கார்த்திகை விடுமுறைக்கு மருமகளும் அவளோடு படிக்கிற இன்னும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். அதற்குள் ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துப் பேராவது முப்பது நாளைக்கு ஒரு கொப்பியில் இதை எழுதி வையுங்கள்: திகதி, எந்த மலை, எத்தனை கிலோ எடுத்தேன், எத்தனை கிலோ போட்டார்கள், பேருக்கு எத்தனை கேட்டார்கள், அன்றைக்கு மழையா குளவியா என்ன நடந்தது. எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். கொப்பிகளை மாதர் தலைவிமார் சேர்த்துச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். கொப்பி வாங்குகிற காசைச் சங்கம் தரும்.